பதினைந்து வயதுச் சிதம்பரம்



நூலக வாரத்தை ஒட்டிய கூட்டம் இது. பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு கொலைக் கதை. பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற கூட்டத்தில் கொலைக் கதையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இந்தப் புத்தகம் என்று முடிவு செய்தேன்.

புத்தகத்தின் பெயர் 'வெக்கை'. எழுதியவர் பூமணி. இந்தக் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஆண்டிபட்டியில் 1947-இல் சம்சாரி வீட்டில் பிறந்தவர். கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். முதல் நாவல் 'பிறகு' 1979-இல் வந்தது. அடுத்த மூன்றாம் ஆண்டு, 1982-இல், 'வெக்கை'. இதோ என் கையில் இருப்பது அந்தக் காலத்துப் பிரதி. தாள் பழுத்துவிட்டது. முதுகுப் பக்கம் இற்றுப்போய்விட்டது. நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததை வாங்கி வந்திருக்கிறேன்.

1982 என்கிற ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்போது தூத்துக்குடி மாவட்டமே கிடையாது. 1986 அக்டோபரில்தான் அது பிரிந்தது. நாம் எல்லோரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்து சரியாக நூறு ஆண்டு ஆனதும் அந்த ஆண்டில்தான். இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யை வெளியிட்டதும் அதே ஆண்டில். கம்பும் பருத்தியும் வெளைகிற காட்டில் புழங்குகிற பேச்சை ஒருவர் அகராதியாக்குகிறார். அதே பேச்சை வைத்து இன்னொருவர் ஒரு மனுசப் பிள்ளையின் மனசைத் திறந்து காட்டுகிறார். இரண்டும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சில மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள் செய்த வேலை. ஒரு ஆண்டுக்குள் ஒரு வறண்ட பூமி தமிழுக்குக் கொடுத்த கொடை அது என்று நான் துணிந்து சொல்வேன்.

நான் 'வெக்கை' என்று சொன்னதும் உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஒரு சினிமா ஓடத் தொடங்கியிருக்கும். 2019 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கத்தில் வந்த 'அசுரன்' இந்த நாவலை வைத்து எடுக்கப்பட்டதுதான். நல்ல படம். நடித்தவர்கள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். தனுஷுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படம் வந்ததால் பல ஆயிரம் பேர் நாவலைத் தேடி வாங்கினார்கள். அதே 2019-இல் என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் நாவல் ஆங்கிலத்துக்கும் போனது. இதெல்லாம் நமக்குப் பெருமைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் படத்தின் நாயகன் அப்பா. அவருடைய இளமைக் காலம், அவர் பட்ட பாடு, அடக்கி அடக்கி வைத்த கோபம் ஒருநாள் வெடிப்பது என்று படம் அவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. சினிமாவுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், அதைக் குறை சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. நாவலின் நடுவே நிற்பது அப்பா இல்லை. அது ஒரு பையன். பதினைந்து வயதுப் பையன். சிதம்பரம் என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படிக்கிறவர் கண்ணில் அப்பாவின் முகமாக ஒரு பெரிய நடிகரின் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பையன் ஒதுங்கிப்போகிறான். நாவல் யாருடைய மனசைப் பற்றியதோ அவன் தன் கதையிலேயே இரண்டாம் ஆளாகிவிடுகிறான்.

அதனால்தான் பழைய பிரதியைக் கையில் எடுத்தேன். இந்தப் பிரதி அச்சானபோது படமும் இல்லை, அந்த முகமும் இல்லை. ஆசிரியருக்கு 2014-இல் 'அஞ்ஞாடி'க்காகக் கிடைத்த சாகித்திய அகாதெமி விருதும் அப்போது இல்லை. அன்றைக்கு இதைத் திறந்த வாசகனுக்கு முன்னால் அந்தப் பையன் மட்டும்தான் நின்றான். நம் ஊர் மறுபடி அந்த இடத்தில் போய் நின்று படிக்க வேண்டும். இன்றைக்கு நான் கேட்டுக்கொள்ள வந்தது இவ்வளவுதான். இனி ஏன் என்று சொல்கிறேன்.

கொலைக் கதை என்றால் தமிழில் நமக்கு ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து வருகிறது. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் என்று நம் தாத்தாவும் அப்பாவும் நாமும் வரிசையாகப் படித்தோம். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள் எத்தனையோ பேருக்கு வாசிப்பைப் பழக்கின. அவற்றுக்கு என் மரியாதை என்றும் உண்டு. அந்தக் கதைகளில் நம்மைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துப்போவது ஒரே கேள்வி. யார் செய்தது?

'வெக்கை' அந்தக் கேள்வியை முதலிலேயே மூடிவிடுகிறது. வெட்டியது சிதம்பரம். வெட்டுப்பட்டது வடக்கூரான். காரணமும் சீக்கிரம் தெரிந்துவிடும். நிலத்தகராறில் சிதம்பரத்தின் அண்ணனைக் கொன்றவன் அவன். யார், ஏன், எதனால் என்று துப்பறிகிறவன் கண்டுபிடிக்க வேண்டிய அத்தனையும் நம் கையில் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுகிறோம்? கை அரிவாளைக் கீழே போட்ட பிறகு அந்தப் பையனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் புரட்டுகிறோம்.

நாவலின் தொடக்கத்தில் ஒரு சங்கதி வருகிறது. சினிமாவின் வேகத்தில் அது நழுவிவிடும். அவன் அந்த ஆளைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு கையை மட்டும் வெட்டுவது என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டு போகிறான். கை போனால் அந்த ஆள் அடங்கிவிடுவான் என்பது அவன் கணக்கு. பதினைந்து வயசுக் கணக்கு அது. அளந்து அளவோடு ஒரு தண்டனையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நம்புகிற வயசு. அரிவாளுக்கு அப்படி அளவு தெரியாது என்பது ஓங்கிய பிறகுதான் தெரிகிறது. தம்பிமார்களே, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இந்த ஒரு இடத்துக்காக மட்டுமே நீங்கள் இந்த நாவலைப் படிக்கலாம். ஓங்கும்போது மனசில் இருந்தது ஒன்று, விழுந்தது வேறொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு நேரம். அதற்குள் ஒரு பையனின் மொத்த ஆயுளும் திசை மாறிவிடுகிறது.

பிறகு ஓட்டம். அய்யாவும் மகனும் ஊரைவிட்டு இறங்குகிறார்கள். காடு, ஓடை, மலை என்று சில நாள் அலைச்சல். அதுதான் நாவலின் காலம். இந்த மண்ணைத் தெரியாதவர்கள் படிக்கும்போது அந்த அலைச்சலின் கஷ்டம் முழுசாகப் புரியாது என்று எனக்குத் தோன்றும். நமக்குப் புரியும். கரிசல் காட்டில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சமம். பருத்தி இடுப்புக்கு மேல் ஏறாது. அங்கொரு பனை, இங்கொரு உடைமரம், ஓடைக்கரையில் கொஞ்சம் வேலிக்கருவேல். நாலு பர்லாங்கு தூரத்தில் போகிறவன் இன்னார் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள் நம் ஆட்கள். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், காலை வைத்தால் பொசுக்கும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அடிக்கு அடி மண் காலைக் கவ்வும், ஓடவே முடியாது. இங்கே தப்பித்து அலைகிறவனுக்கு இருட்டும் மலையும்தான் துணை. அதனால் இந்த நாவலில் நிலம் சும்மா பின்னால் தொங்குகிற படுதாவாக இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறைக்கு அடியில் நிழல் விழும், எந்தப் பாதையில் எந்நேரத்தில் ஆள் வரும் என்பதெல்லாம் அந்த இரண்டு பேருக்கும் உயிர்ப் பிரச்சினை. கொலைகாரனைத் தேடும் போலீஸின் அறிவைப் பற்றி எழுதிய நாவல்கள் உண்டு. இது மறைந்து திரிகிற சம்சாரியின் அறிவைப் பற்றிய நாவல்.

மனசு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பூமணி 'அவன் பயந்தான்', 'அவன் மனம் குமுறியது' என்று பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் இல்லை. சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், படுக்க இடம் தேடுகிறார்கள், பேசுகிறார்கள். அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டில் பொம்பளையாட்கள் என்ன பாடு படுகிறார்களோ என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில்தான் எல்லாம் ஓடுகிறது. ஒருவன் கொலை செய்துவிட்டு வந்து பசிக்கிறது என்று சொல்கிறான். அந்தப் பசிக்குள் குழந்தையும் இருக்கிறான், குற்றவாளியும் இருக்கிறான். இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ஒரே ஆளாக நடமாட விடுகிறார் ஆசிரியர்.

என் கையில் இருக்கும் இந்தப் பிரதியை யாரோ ஒருவர் பென்சிலோடு படித்திருக்கிறார். ஓரத்தில் கோடு இழுத்து வைத்திருக்கிறார். கொலை வருகிற பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அய்யாவும் மகனும் பேசிக்கொள்கிற பக்கங்களில்தான் கோடுகள். முகம் தெரியாத அந்த வாசகருக்கு என் வணக்கம். சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார்.

நம் பக்கத்து வீடுகளில் அப்பனும் மகனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேருக்கு நேர் பேச்சே இருக்காது. மகனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆத்தாவிடம் சொல்வான். ஆத்தா அய்யாவிடம் சொல்வாள். பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். மீசை அரும்பிவிட்டால் அதுவும் குறைந்துபோகும். இந்த நாவலில் ஒரு கொலை நடந்த பிறகுதான் தகப்பனும் மகனும் ஒரு பாறையில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுகிறார்கள். தகப்பன் தன் மகனை அடிக்கவில்லை. கைகழுவிவிடவுமில்லை. கூடவே வருகிறான். இந்த நெருக்கம் கொலைக்கு முன்னாலேயே வாய்த்திருந்தால் என்ற ஏக்கம் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வருகிறது. ஆசிரியர் அப்படி எங்கும் எழுதவில்லை, நான் படித்துத் தெரிந்துகொண்டது அது.

உலகத்தில் இந்த வகை நாவலுக்கு ஒரு பெரிய தகப்பன் உண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. 1866-இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ் கற்பித்த எம். ஏ. சுசீலா அம்மையாரின் மொழிபெயர்ப்பில் 2007-இல் தமிழுக்கு வந்தது. அங்கேயும் கொலை செய்தவன் யார் என்பது ரகசியமில்லை. படித்த இளைஞன் ரஸ்கோல்னிகோவ் ஒரு வட்டிக்காரக் கிழவியைக் கொல்கிறான். அப்புறம் அவன் மூளையே அவனுக்கு எதிராக விசாரணை நடத்துகிறது. அல்பேர் காம்யுவின் 'அந்நியன்' 1942-இல் பிரெஞ்சில் வந்தது. வெ. ஸ்ரீராம் அதை நேரே பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க, க்ரியா 1980-இல் வெளியிட்டது. 'வெக்கை' வருவதற்கு இரண்டே ஆண்டு முன்பு. அதிலும் கொலை உண்டு, கண்ணைக் குத்துகிற வெயிலும் உண்டு. அல்ஜீரியக் கடற்கரையில், உச்சி வெயிலில், காரணமென்று ஒன்றைச் சொல்ல முடியாமல் ஒருவன் சுட்டுவிடுகிறான்.

இந்த இரண்டோடும் நம் சிதம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். ரஸ்கோல்னிகோவ் தனியாள். வாடகை அறையில் காய்ச்சலோடு புரள்கிறான். அவன் கொன்றதற்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. அந்நியனும் தனியாள். அவனுக்குச் சித்தாந்தமும் இல்லை, துக்கமும் இல்லை. சிதம்பரம் தனியாள் இல்லை. அவன் பின்னால் செத்துப்போன அண்ணன் நிற்கிறான், பக்கத்தில் அய்யா நிற்கிறார், ஆத்தாவும் மாமனும் சொந்தபந்தங்களும் நிற்கிறார்கள். ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து சுமக்கிற குற்றம் அது. மேலை நாட்டு நாவலாசிரியன் ஒற்றை மனசைப் பிளந்து பார்த்தான். பூமணி ஒரு பையனின் மனசைத் திறந்தால் அதற்குள் வீடும் நிலமும் ஊரும் இருக்கின்றன. சாதிப் பெயரைச் சொல்லாமலேயே, நிலம் யார் கையில் இருக்க வேண்டும் என்று ஊர் விதித்த விதி அந்தப் பையனின் மண்டைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று காட்டிவிடுகிறார். இந்த விஷயத்தில் நம் நாவல் அந்தப் பெரிய நாவல்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாவல் வந்தபோது இளஞ்சிறார்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. நம் மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இருந்தது. 1986-இல் நாடு தழுவிய இளஞ்சிறார் நீதிச் சட்டம் வந்தது. பிறகு 2000-இல் ஒன்று, 2015-இல் ஒன்று. 2015 சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பதினாறு முடிந்து பதினெட்டு முடியாத ஒருவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால் இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் குற்றத்தைச் செய்ய அவனுக்கு மனவலிமையும் உடல்வலிமையும் இருந்தனவா? விளைவை உணரும் திறன் இருந்ததா? எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்தான்? சிதம்பரத்துக்கு வயது பதினைந்துதான், இந்தப் பிரிவு அவன்மேல் பாயாது. ஆனால் கேள்விகளைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் 2015-இல் எழுதிவைத்த அதே கேள்விகளை ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் 1982-இல் கதையாகக் கேட்டுவிட்டார். விளைவு அவனுக்குத் தெரியுமா? எந்தச் சூழ்நிலை அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது? குழுமத்தில் உட்காருகிறவர்கள், வழக்கறிஞர்கள், காவல்துறை நண்பர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால் அவர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த நாவலைப் படியுங்கள்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு சக மாணவன் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

நாங்குநேரியும் சிதம்பரமும் ஒன்று என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சிதம்பரம் அடக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை. அண்ணனைப் பறிகொடுத்தவன். அங்கே நடந்ததோ சாதித் திமிர் கையில் எடுத்த அரிவாள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் அரிவாளை ஓங்குகிற வயசு ஒன்றுதான். அந்த வயசுப் பிள்ளைகளிடம் அரிவாளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? போஸ்டரில் அரிவாள் இருக்கிறது. பாட்டில் அரிவாள் இருக்கிறது. கைப்பேசியில் நிமிஷத்துக்கு ஒரு வீடியோவில் அரிவாளைச் சுழற்றுகிறார்கள். தியேட்டரில் அரிவாள் உயரும்போது விசில் பறக்கிறது. அரிவாளைப் போட்ட மறுநாள் காலையில் எழுந்திருக்கிறவனின் மனசு எப்படி இருக்கும் என்று காட்டுகிற படைப்பு எத்தனை இருக்கிறது? 'வெக்கை' அதைக் காட்டுகிறது. அதில் வீரம் என்று யாரும் தோளில் தூக்கிக் கொண்டாடுவதில்லை. முடிவில் தகப்பனும் மகனும் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். ஒளிந்து திரிந்தவர்கள் பகலில், எல்லோரும் பார்க்க, சட்டத்தின் வாசலை நோக்கி நடக்கிறார்கள். அந்த நடைக்கு வந்து சேரத்தான் அவ்வளவு அலைச்சலும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் படியுங்கள். பரீட்சைக்கு வேண்டாம். கேள்வி பதில் வேண்டாம். ஒரு அத்தியாயம் வாசித்துவிட்டு, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மட்டும் கேளுங்கள். வருகிற பதில்களைத் திருத்தாமல் கேளுங்கள்.

பூமணி பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாத நேரமே இல்லை என்று எனக்குப் படுகிறது. 1990-களில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக அவரே 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படம் இயக்கினார். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய படம். விடியுமுன்னே வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதை இந்த அவையில் இருக்கிற ஐம்பது வயசுக்காரர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்த வேனில் போயிருப்பீர்கள். பதினைந்து வயசில் அரிவாளைப் பிடித்த கையையும், ஏழெட்டு வயசில் தீக்குச்சி அடுக்கிய விரலையும் ஒரே எழுத்தாளர்தான் நமக்குக் காட்டினார். குழந்தைப் பருவத்தை இந்த மண் என்ன செய்தது என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

இனி, பழைய பிரதிக்கு வருகிறேன். புதுப் பதிப்பு கடையில் கிடைக்கிறதே, பழையதைக் காப்பாற்றி என்ன செய்ய என்று கேட்கலாம். வாசிக்கப் புதுப் பதிப்பே போதும். நான் பேசுவது ஊரின் ஞாபகத்தைப் பற்றி. 1982-இல் தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அச்சாயின. இந்தக் கரிசல் பேச்சை, 'இது பிழையா, இப்படித்தானா' என்று யோசித்து யோசித்துக் கோத்த கைகள் இருந்தன. வட்டாரப் பேச்சில் எழுதிய நாவலுக்கு இது சின்ன விஷயமில்லை. பதிப்பு மாற மாற, பிழை திருத்துகிறேன் என்று வருகிற யாராவது ஒருவர் நம் சொல்லைப் பொதுச்சொல்லாக மாற்றிவிட எப்போதும் வாய்ப்பு உண்டு. முதலில் என்ன அச்சானது என்று பார்க்க முதல் பிரதி ஊரில் எங்காவது இருக்க வேண்டாமா?

இதைச் செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்த 'ஞானாலயா'வில் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். முதல் பதிப்புகளுக்கு அது பேர்போன இடம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாலு திசையிலிருந்தும் அங்கே போகிறார்கள்.

கோவில்பட்டிக்கு அப்படி ஒரு இடம் வேண்டும். எந்த ஊருக்கு இருக்கிறதோ இல்லையோ, இந்த ஊருக்கு வேண்டும். இடைசெவலில் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும். ஆண்டிபட்டியில் பூமணி. உருளைக்குடியில் 'சூல்' நாவலுக்காக 2019-இல் சாகித்திய அகாதெமி பெற்ற சோ. தர்மன். ஊருக்குள் தேவதச்சன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன். மழைக்கு அண்ணாந்து பார்க்கிற பூமியில் இத்தனை எழுத்துக்காரர்கள். இவர்களுடைய முதல் பதிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற அலமாரி ஒன்று இந்த ஊரில் இருக்க வேண்டும். இந்தியா விடுதலை அடைந்த மறு ஆண்டே, 1948-இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வரி நம் பணம். நம் எழுத்தாளரின் முதல் பதிப்பைக் காப்பாற்றும்படி கேட்பது நம் உரிமை.

நூலகத்தில் இடம் போதாமல் பழைய புத்தகங்களைக் கழித்துவிடுவது நடைமுறை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், புதுசு வர வேண்டுமென்றால் பழசு இறங்கத்தான் வேண்டும். கழிக்கிற பட்டியலில் நம் வட்டாரத்து எழுத்தாளரின் பெயர் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்தப் பிரதியைத் தனியே எடுத்துவையுங்கள். இரவல் கொடுக்க வேண்டாம், உட்கார்ந்து படிக்க மட்டும் கொடுங்கள். ஸ்கேன் செய்து கொடுக்க நம் கல்லூரிப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

வீட்டில் பழைய புத்தகம் வைத்திருக்கிறவர்களிடமும் கேட்கிறேன். பரணில், இரும்புப் பெட்டியில், மாட்டுத்தொழுவத்து மாடத்தில்கூட இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் முதல் நாலு பக்கத்தைத் திறந்து ஆண்டைப் பாருங்கள். 1995-க்கு முந்திய நம் பக்கத்து எழுத்தாளர் புத்தகம் எதுவாக இருந்தாலும் இங்கே நூலகரிடம் கொண்டுவந்து கொடுங்கள். கொடுக்க மனசில்லை என்றால் இரண்டு நாள் இரவலாகக் கொடுங்கள், படி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொண்டுவாருங்கள், தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். பூச்சி அரித்திருந்தால் வெயிலில் காயப்போடவும் வேண்டாம், பழைய தாள் நம் வெயிலைத் தாங்காது. மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து ஒரு காகித உறையில் போட்டு, புத்தகத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் உறைமேல் எழுதிக் கொண்டுவாருங்கள். நூலகம் திறந்திருக்கும் எந்த நாளிலும் வாங்கிக்கொள்வதாக நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.